எங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சல் விலாசம்

"அக்கா, ரொறன்ரோவிலை இருந்து பனையோலைப் பெட்டிக்குப் பெரிய ஓடர் ஒண்டு வந்ததாம். மூண்டு தரம் எழுதினவையாம். எங்களுக்கு ஒரு கடிதமும் கிடைக்கேல்லையே!"

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கப் பொருளாளர் என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. பனையோலைப் பெட்டியும் ஒடியல் மாவும் செய்து விற்கும் 14 பெண்கள் அந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்கள். அவர்களுக்கு உதவிய நிறுவனமொன்றின் அலுவலர், தமது நிறுவனத்தின் பெயரிலேயே அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் விலாசத்தைத் திறந்து கொடுத்திருந்தார். 1000 லேபல்களில் அந்த விலாசம் அச்சாகியது. திட்டம் முடிந்தது, அலுவலர் வேறு ஊருக்குப் போய்விட்டார். கடவுச்சொல் அவருடைய கைத்தொலைபேசியோடு போயிற்று. கடிதங்களோ அந்தப் பெட்டிக்குள் வந்து குவிந்துகொண்டிருந்தன. திறந்து பார்க்கத்தான் ஒருவரும் இல்லை. பதில் வராததால் அந்த வியாபாரி வேறிடத்தில் பெட்டிகளை வாங்கிக்கொண்டார். ஓடர் வருமென்ற நம்பிக்கையில் ஓலை வாங்க எடுத்த நுண்கடன் மட்டும் சங்கத்தின் தலையில் மிஞ்சியது.

தலைவி அக்கா ஒரு மூலையில் இருந்து ஓலை வார்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "95இலை யாழ்ப்பாணத்திலை இருந்து வெளிக்கிட்ட நாள் துவக்கம் எத்தினை விலாசம் மாறினனான் எண்டு எனக்கே தெரியாது. சாவகச்சேரி, கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, பிறகு செட்டிக்குளம் முகாம். எங்களைத் தேடி எழுதின கடிதம் எத்தினை வழியிலை துலைஞ்சுதோ! இப்ப வீட்டுக்கு ஒரு விலாசம் இருக்கு. தொழிலின்ரை விலாசம் இன்னும் ஆற்றையோ கையிலை."

விலாசம் இல்லாமல் இருப்பதன் வலியை நம்மைவிட அறிந்தவர்கள் யார்? செஞ்சிலுவைச் சங்கத்தினர் கொண்டுவந்து தரும் ஒரு துண்டுச் செய்திக்காக மாதக்கணக்காகக் காத்திருந்தவர்கள் நாங்கள். ஆகவே, பிறர் கையில் இல்லாத, எவர் போனாலும் வந்தாலும் மாறாத ஒரு மின்னஞ்சல் விலாசத்தை நமது பெயரிலேயே அமைத்துக்கொள்வது எப்படி என்பதை இந்த மாதம் பார்ப்போம். இது கணினி படித்தவர்களுக்கு மட்டுமான வேலை அல்ல. வங்கிக் கணக்குத் திறக்கத் தெரிந்த எவருக்கும் இது முடியும்.

விலாசத்தின் இரண்டு பக்கங்கள்

மின்னஞ்சல் விலாசத்தின் நடுவே @ என்ற சுழிக் குறி இருக்கும். 1971ஆம் ஆண்டில் ரே ரொம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கடிதம் அனுப்ப வழி செய்தபோது, ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட இக்குறியைத் தெரிந்தெடுத்தார். இன்றும் அந்த முறைதான். குறிக்கு முன்னால் இருப்பது ஆள், பின்னால் இருப்பது வீடு. அந்த வீட்டின் பெயரைத்தான் டொமைன் என்கிறார்கள்.

ஜிமெயிலில் நீங்கள் கணக்கு வைத்திருந்தால், ஆள் நீங்கள், வீடு கூகிளுடையது. இலவசமாக இருக்கவிடுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் விதிகளும் அவர்களுடையவை. 2 வருடங்கள் எட்டிப் பார்க்காத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியை 2023 டிசெம்பர் முதல் கூகிள் நடைமுறைப்படுத்தி வருகிறது. உதவி நிறுவனத்தின் பெயரில் வைத்திருந்தால் வீடு அந்த நிறுவனத்துடையது. திட்டம் முடிய வாசலும் மூடப்படும்.

சொந்த டொமைன் என்றால் வீட்டின் பெயர் நமது. கடிதப் பெட்டியை இன்று ஒரு நிறுவனத்திடமும் நாளை இன்னொரு நிறுவனத்திடமும் வைக்கலாம். வெளியே இருப்பவர்களுக்கு விலாசம் மாறாது, லேபலைத் திரும்ப அச்சடிக்கவும் தேவையில்லை.

பெயரைத் தெரிவு செய்தல்

டொமைன் பெயர்களை விற்பதற்கென்றே பதிவாளர் நிறுவனங்கள் இருக்கின்றன. 'டொட் கொம்' போன்ற உலகப் பொதுப் பெயர்கள் வருடத்திற்குப் பெரும்பாலும் 10 முதல் 20 டொலர் வரையில் கிடைக்கின்றன. நமது நாட்டுக்கு 'டொட் எல்கே' என்ற முடிவு 1990இல் கிடைத்தது. 2010இல் தமிழிலேயே '.இலங்கை' என்ற முடிவும் அங்கீகரிக்கப்பட்டது.

தமிழில் பெயர் வைப்பது மனதுக்கு இனியதுதான். ஆனால் தமிழ் எழுத்தாலான மின்னஞ்சல் விலாசங்களைப் பல சேவைகள் இன்னும் ஏற்றுக்கொள்வதில்லை. ஆகையால் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கில எழுத்தில் ஒரு பெயரையே பதியுங்கள். சிறிய பெயராக இருக்கட்டும். தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் மறுமுனையில் இருப்பவர் பிழையின்றி எழுதக்கூடிய பெயராக இருக்கட்டும். 'ழ', 'ள' வரும் சொற்களை ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுவார்கள், அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

விலையைக் கேட்கும்போது ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். முதல் வருடத்திற்கு மலிவாகத் தந்துவிட்டு இரண்டாம் வருடத்தில் இரட்டிப்பாகக் கேட்பவர்கள் உண்டு. எனவே "புதுப்பிக்க எவ்வளவு?" என்பதே உங்கள் முதற் கேள்வியாக இருக்கட்டும். வெளிநாட்டு நிறுவனமென்றால் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதியுள்ள வங்கி அட்டையும் தேவைப்படும். 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அதே ஆண்டின் நடுப்பகுதியில் 360 ரூபா வரை போனதை நாம் மறக்கவில்லை. கையில் கொஞ்சம் பணம் சேரும் பருவத்தில் 2, 3 வருடங்களுக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது புத்தி. 'டொட் கொம்' பெயரை ஒரே தடவையில் 10 வருடம் வரை பதியலாம்.

உறுதி யாருடைய பெயரில்?

காணி உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதில் பட்ட பாடுகளை இந்தப் பத்தியில் விளக்கத் தேவையில்லை. டொமைனிலும் இதுவே முக்கியமான கேள்வி. "நான் செய்து தாறன் அக்கா" என்று வரும் தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் தமது பெயரில், தமது மின்னஞ்சலில் பதிந்தால் சட்டப்படி அது அவருடையது. அவர் வெளிநாடு போனாலோ, மனம் கசந்தாலோ உங்கள் விலாசம் உங்களிடம் இராது.

உரிமையாளர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயரோ, தொழில் செய்யும் பெண்ணின் பெயரோ இருக்க வேண்டும். சங்கமென்றால் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் தீர்மானமாக எழுதிக் கையொப்பம் வைத்துக்கொள்ளுங்கள். பதிந்த பின்னர் பதிவாளரிடமிருந்து ஓர் உறுதிப்படுத்தல் கடிதம் வரும். பொதுப் பெயர்களுக்கு 15 நாட்களுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்த வேண்டும். தவறினால் பெயர் இடைநிறுத்தப்படும்.

இன்னொன்று. பதிவின்போது பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் கேட்பார்கள். முன்னைய காலத்தில் இவ்விபரங்களை உலகில் எவரும் பார்க்கக்கூடியதாக இருந்தது. 2018இன் பின் பெரும்பாலான பதிவாளர்கள் தனிநபர் விபரங்களை மறைத்துவிடுகிறார்கள். ஆயினும் முடிவுக்கு முடிவு விதி வேறுபடும். தனியாக வாழும் பெண்ணின் வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் ஊரறியத் தேவையில்லை. "விபரம் மறைக்கப்படுமா?" என்று கேட்டறிந்த பிறகே பதியுங்கள். சங்க அலுவலகத்தின் விலாசத்தைக் கொடுப்பது மேலும் நல்லது.

கடிதப் பெட்டியை எங்கே வைப்பது?

டொமைன் என்பது பெயர் மட்டுமே. கடிதங்களை வாங்கி வைக்க ஒரு பெட்டி வேண்டும். அதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, மின்னஞ்சல் சேவை நிறுவனங்களிடம் மாத வாடகைக்கு எடுப்பது. கூகிள், மைக்ரோசொப்ட் ஆகியவையும், 1996இல் தொடங்கிய சோஹோவும் இச்சேவையைத் தருகின்றன. கட்டணம் ஆளெண்ணிக்கையைப் பொறுத்தது. 14 பேருக்கும் 14 பெட்டி தேவையில்லை. ஓடருக்கு ஒன்று போதும்.

இரண்டாவது, இணையத்தளம் வைத்திருப்பவர்களுக்கு அந்த இட வாடகையோடு சேர்ந்து வரும் பெட்டி. மலிவு. ஆனால் அதே சேர்வரில் இருக்கும் வேறு எவரேனும் குப்பைக் கடிதம் அனுப்பினால், நமது கடிதமும் சந்தேகத்துக்கு ஆளாகலாம்.

மூன்றாவது, திசைமாற்றம். சொந்த விலாசத்துக்கு வரும் கடிதத்தை ஏற்கெனவே உள்ள ஜிமெயில் பெட்டிக்குத் தள்ளிவிடுவது. இதை இலவசமாகச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். தொடக்கத்துக்கு இது போதும். ஆனால் நீங்கள் பதில் எழுதும்போது ஜிமெயில் பெயர்தான் தெரியும். சொந்தப் பெயரிலேயே பதிலும் போக வேண்டுமானால் அனுப்புவதற்கென்று தனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

சொந்தமாக ஒரு சேர்வரை வைத்து நடத்தலாமே என்று சில இளைஞர்கள் சொல்வார்கள். மின்வெட்டும் பராமரிப்பும் ஒருபுறமிருக்க, அறிமுகமில்லாத சேர்வரிலிருந்து வரும் கடிதங்களைப் பெரிய நிறுவனங்கள் எளிதில் நம்புவதில்லை. நமக்கு அது வேண்டாம்.

நான்கு பதிவுகள்

இனித்தான் எல்லோரும் பயப்படும் இடம். பயப்பட ஒன்றுமில்லை. டொமைன் வாங்கிய இடத்தில் 'டி.என்.எஸ்' என்றொரு பக்கம் இருக்கும். இது 1983இல் உருவான முறை. இணையத்தின் விலாசப் புத்தகம் என்று சொல்லலாம். அதில் நான்கு பதிவுகளைச் சேர்க்க வேண்டும். என்ன எழுதுவது என்பதைப் பெட்டி தரும் நிறுவனமே எழுதித் தரும். எழுத்துப் பிசகாமல் பிரதி பண்ணி ஒட்டுவதுதான் நமது வேலை.

முதலாவது எம்.எக்ஸ். இடம்பெயர்ந்தபோது தபாற்கந்தோரில் போய், "எங்கட கடிதத்தை இனி இன்ன முகாமுக்கு அனுப்புங்கோ" என்று எழுதிக் கொடுத்தோமல்லவா, அதேதான் இதுவும். நமது டொமைனுக்கு வரும் கடிதத்தை எந்தச் சேர்வரிடம் கொடுப்பது என்று இது சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட எம்.எக்ஸ் இருந்தால் பக்கத்தில் சிறிய எண் உள்ளதே முதலில் முயற்சிக்கப்படும். பழைய எம்.எக்ஸ் பதிவுகளை நீக்கிவிடுங்கள், இல்லையேல் சில கடிதங்கள் பழைய இடத்துக்கே போய்விடும். ஏற்கெனவே இணையத்தளம் இருந்தால் அதற்குரிய மற்றைய பதிவுகளில் கைவைக்க வேண்டாம்.

இரண்டாவது எஸ்.பி.எப். நமது பெயரில் கடிதம் அனுப்ப அனுமதி பெற்றவர்களின் பட்டியல் இது. ஒரு டொமைனுக்கு இப்பதிவு ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு நிறுவனங்கள் அனுப்புவதாயின் இரண்டையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும். தனித்தனியாக இரண்டு எழுதினால் இரண்டுமே செல்லாது. பலர் தவறும் இடம் இது.

மூன்றாவது டீகிம். சங்கக் கடிதத்தில் குத்தும் முத்திரை போன்றது. அனுப்பும் நிறுவனம் ஒவ்வொரு கடிதத்திலும் இரகசியத் திறப்பால் ஒரு முத்திரை இடும். அதைச் சரிபார்க்கும் பகிரங்கத் திறப்பு நமது டி.என்.எஸ் பக்கத்தில் இருக்கும். வழியில் எவரும் கடிதத்தை மாற்றினால் முத்திரை பொருந்தாது.

நான்காவது டீமார்க். பட்டியலும் முத்திரையும் பொருந்தாத கடிதம் நமது பெயரில் வந்தால் என்ன செய்வது என்று பெறுபவருக்கு நாம் கொடுக்கும் அறிவுறுத்தல். ஆரம்பத்தில் 'ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு' என்று வைக்கலாம். எல்லாம் சரியாக நடப்பதைக் கண்டபின் 'குப்பைப் பெட்டியில் போடு' என்றும், இறுதியில் 'ஏற்காதே' என்றும் இறுக்கலாம்.

இவை ஏன் வேண்டும்? 2024 பெப்ரவரி முதல், தங்கள் பயனாளர்களுக்குக் கடிதம் அனுப்பும் எவரும் எஸ்.பி.எப் அல்லது டீகிம் வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயில் கேட்கிறது. ஒரு நாளில் 5000க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். யாகூவும் இதே வழியில் நிற்கிறது. இவை இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய விலைப்பட்டியல் வாங்குபவரின் குப்பைப் பெட்டியில் கிடக்கும், அவர் உங்களைப் பதில் போடாதவர் என்று நினைப்பார்.

பதிவுகளைச் சேர்த்ததும் உடனே வேலை செய்யாவிட்டால் கலங்க வேண்டாம். சில நிமிடங்களில் சரியாகலாம், 48 மணித்தியாலம் வரையும் ஆகலாம். பிறகு ஒரு ஜிமெயில் விலாசத்துக்குச் சோதனைக் கடிதம் அனுப்பி, கணினியில் திறந்து, அக்கடிதத்தின் மூலவடிவத்தைக் காட்டும் தெரிவை அழுத்துங்கள். எஸ்.பி.எப், டீகிம், டீமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' என்றிருந்தால் வேலை முடிந்தது.

திறப்பு யார் கையில்?

விலாசத்தை ஆளின் பெயரில் வைக்காமல் வேலையின் பெயரில் வையுங்கள். 'ஓடர்ஸ்', 'ஒபிஸ்' என்றிருந்தால் செயலாளர் மாறினாலும் விலாசம் மாறாது. புதியவர் வரும் அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

டொமைன் கணக்கைத் திறக்கும் மின்னஞ்சல், அதே டொமைனில் இருக்கக் கூடாது. பெயர் தடைப்பட்டால் அதைச் சரிசெய்யும் கடிதம் அந்த அடைபட்ட பெட்டிக்கே போகும். வீட்டுத் திறப்பை வீட்டுக்குள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். இதற்கு மட்டும் தனியாக ஒரு ஜிமெயிலை வைத்திருங்கள், மாதமொரு தடவை திறந்து பாருங்கள்.

இரண்டு படிப் பாதுகாப்பை இயக்குங்கள். தொலைபேசி தொலைந்தாலும் சிம் செயலிழந்தாலும் உதவக்கூடிய அவசரக் குறியீடுகளைக் கடதாசியில் எழுதிச் சங்கத்தின் பணப்பெட்டிக்குள் வையுங்கள். குறைந்தது இரண்டு பேருக்காவது எல்லாம் தெரிந்திருக்கட்டும்.

இரண்டு ஏமாற்றுகளையும் அறிந்திருங்கள். உங்கள் டொமைன் முடிவடைகிறது, உடனே கட்டுங்கள் என்று முன்பின் தெரியாத நிறுவனத்திடமிருந்து கடிதம் வரும். உங்கள் பதிவாளரின் தளத்திற்கு நீங்களே போய்த் திகதியைப் பாருங்கள், கடிதத்திலுள்ள இணைப்பை அழுத்த வேண்டாம். மற்றது, வழமையாகப் பொருள் தருபவரின் பெயரில் 'எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வரும் கடிதம். பணம் போட முன் உங்களிடமுள்ள பழைய இலக்கத்துக்கு அழைத்து, குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மறக்கக் கூடாத திகதி

டொமைன் உறுதிக் காணி போன்றதல்ல, குத்தகைக் காணி போன்றது. வருடம் முடியக் கட்டாவிட்டால் கையை விட்டுப் போகும். 'டொட் கொம்' போன்ற பெயர்களுக்கு, முடிவுத் திகதியின் பின் சாதாரணமாகப் புதுப்பிக்க 45 நாள் வரை தவணை இருக்கலாம். அது பதிவாளரைப் பொறுத்தது. அதன்பின் 30 நாட்கள் மேலதிகக் கட்டணத்தோடு மீட்கலாம். பின்னர் 5 நாளில் பெயர் பொதுச்சந்தைக்கு வந்துவிடும். ஆனால் கடிதங்கள் முதல் நாட்களிலேயே நின்றுவிடக்கூடும்.

வேறொருவர் அந்தப் பெயரை வாங்கினால், உங்களுக்கு எழுதப்படும் கடிதங்கள் அவரிடம் போகும். அந்த விலாசத்தைக் கொடுத்துத் திறந்த பேஸ்புக் பக்கத்தையும் மற்றக் கணக்குகளையும் அவர் கைப்பற்றவும் வழி உண்டு. எனவே திகதியைச் சங்கச் சுவரில் உள்ள கலண்டரில் சிவப்பால் எழுதுங்கள், ஒரு மாதத்துக்கு முன்னரே கட்டிவிடுங்கள்.

பழைய விலாசத்தை உடனே கைவிடவும் வேண்டாம். ஒரு வருடமாவது அதிலிருந்து புதியதற்குக் கடிதங்களைத் திருப்பி விடுங்கள். பழைய கடிதங்களைப் பிரதி எடுத்து வையுங்கள். ஓடர்களும் பற்றுச்சீட்டுகளும் பின்னொரு நாள் வங்கியில் கடன் கேட்கும்போது சாட்சி சொல்லும்.

அந்தக் கிராமத்தில் இந்த வேலையைச் செய்து முடித்தவர், பொருளாளரின் உயர்தரம் படிக்கும் மகள். கூட்டத்தில் தீர்மானம் எழுதப்பட்டது. மூன்று வருடப் பணம் சங்கக் கணக்கிலிருந்து கட்டப்பட்டது. எஸ்.பி.எப் வரியை முதலில் பிழையாகத்தான் ஒட்டினார், மறுநாள் திருத்தினார். சோதனைக் கடிதம் வந்து சேர்ந்தபோது "வந்திட்டுது!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஓலை வார்ந்தவர்களும் எழும்பி வந்தார்கள்.

ரொறன்ரோ வியாபாரிக்குப் புதிய விலாசத்திலிருந்து நடந்ததைச் சொல்லி எழுதினார்கள். இந்த வருடத் தேவைக்கு வாங்கியாயிற்று, அடுத்த தைப்பொங்கலுக்கு முன் விலைப்பட்டியல் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. போன ஓடர் போனதுதான். கடன் இன்னும் கட்டி முடியவில்லை. ஆனால் அந்தப் பதில் அவர்களுடைய பெட்டிக்கு வந்தது, அவர்களே திறந்து வாசித்தார்கள்.

தலைவி அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் இருந்த விலாசத்தை எழுத்து எழுத்தாக வாசித்தார். "இது மாறாதோ பிள்ளை?" என்று கேட்டார்.

"காசு கட்டினால் மாறாது அம்மம்மா."

"அப்ப லேபலிலை அடியுங்கோ" என்றார்.

சகோதரிகளே, உங்கள் லேபலையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள மின்னஞ்சல் விலாசம் யாருடைய பெயரில் இருக்கிறது? கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? அடுத்து எப்போது பணம் கட்ட வேண்டும்? இந்த மூன்றில் ஒன்றுக்கேனும் உங்களால் பதில் சொல்ல முடியாவிட்டால், அடுத்த சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதை முதலாவதாக எழுதிவிடுங்கள்.